பட்டாளத்துக்காரர் வீட்டுக்கு வேலை வைக்காமல் நன்றி சொல்வது எப்படி

ஊர்ப் பையன் ஒருவன் எல்லையில் இறந்துவிட்டான் என்று செய்தி வந்தால் திருநெல்வேலிப் பக்கத்தில் கூட்டத்துக்குப் பஞ்சமே இருக்காது. வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ ராணுவ வண்டி கிளம்பியதுமே வழிநெடுக ஆட்கள் நிற்பார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சீருடையோடு வரிசை கட்டுவார்கள், கலெக்டரும் எம்.எல்.ஏ.வும் எல்லாக் கட்சிக்காரர்களும் மாலையோடு வருவார்கள், துப்பாக்கி வானத்தைப் பார்த்து முழங்கும், மறுநாள் பேப்பரில் படம் வரும். இதெல்லாம் தானாக நடக்கும். நான் எழுதுவது அதற்கு அப்புறம் வரும் காலத்தைப் பற்றி. ஒரு மாதம் கழித்து, ஒரு வருஷம் கழித்து, இருபது வருஷம் கழித்து அந்த வீட்டுக்கு ஊர் என்ன செய்யலாம்?

எதைச் செய்வதானாலும் முதலில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இது அந்த வீட்டுக்கு வேலை வைக்குமா? நினைவுநாள் கூட்டம் என்று சொல்லி அந்த அம்மாவை மேடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஏழு பேர் பேசி, பொன்னாடை போர்த்தி, ராத்திரி ஒன்பது மணிக்கு அனுப்பிவைக்கிறோம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் காபி போட்டது யார்? அந்த அம்மாதான். இப்படி அவர்கள் தலையில் விழுகிற நன்றி வேண்டாம். கீழே சொல்வது எல்லாம் இந்த ஒரு சல்லடையில் சலித்தது.

துட்டி (சாவு) வீட்டில்

பதினாறு நாள் வரை சோறு தண்ணீருக்குச் சொந்தபந்தம் பார்த்துக்கொள்ளும், அதில் நாம் புகுந்து குழப்ப வேண்டாம். ஊர்க்காரர்கள் செய்ய வேண்டியது வேறு. நிதானமான ஆள் ஒருவர், முடிந்தால் அந்த வீட்டுக்கு மருமகன் முறையோ மச்சான் முறையோ உள்ளவர், கையில் ஒரு நோட்டோடு இருக்க வேண்டும். உடலோடு கூடவே யூனிட்டிலிருந்து ஒரு ஜே.சி.ஓ.வும் (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரி) சில ஜவான்களும் வருவார்கள். அவர்கள் பெயர், பதவி, போன் நம்பர், யூனிட்டின் முழு முகவரி, அவருடைய பணிப் பதிவேடுகள் இருக்கும் ரெக்கார்டு ஆபீஸ் எது என்பது, கையில் கொடுத்த ஒவ்வொரு காகிதமும் என்ன காகிதம் என்பது, எல்லாவற்றையும் அந்த நோட்டில் எழுதி, காகிதங்களை அன்றே இரண்டு பிரதி ஜெராக்ஸ் எடுத்து ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். அழுகிற வீட்டில் யாருக்கும் இது நினைவிருக்காது. ஆறு மாதம் கழித்து 'அன்னைக்கு வந்த சுபேதார் நம்பர் யாருகிட்டயாவது இருக்கா' என்று ஊரெல்லாம் தேடுவார்கள். என்னைக் கேட்டால் இந்த நோட்டுப் புத்தகம் பத்து மலர்வளையத்துக்குச் சமம்.

இன்னொருவர் வாசலில் நின்று டி.வி.க்காரர்களையும் செல்போனில் வீடியோ எடுப்பவர்களையும் பார்த்துக்கொள்ளட்டும். மனைவி மயங்கி விழுவதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்கிறவனைத் தள்ளிக்கொண்டு போக ஒரு அண்ணாச்சி வேண்டும். சத்தம் போடாமல் தோளில் கைபோட்டுக் கூட்டிப் போகத் தெரிந்தவராக இருந்தால் உத்தமம்.

கொடி விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பெட்டியின் மேல் போர்த்தும்போது காவி நிறம் தலைப்பக்கம் வர வேண்டும். அந்தக் கொடியைக் குழிக்குள் இறக்கக் கூடாது, சிதையில் எரிக்கவும் கூடாது. ராணுவத்தார் அதை முறைப்படி மடித்து வீட்டார் கையில் கொடுப்பார்கள். உணர்ச்சிவசப்பட்டு 'அவனோடயே போகட்டும்' என்று யாராவது சொன்னால் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். அப்புறம், சடங்கெல்லாம் முடிந்து வீடு அடங்கியபிறகு, ஊர் ஆசாரியிடம் சொல்லி அந்தக் கொடி மடித்தபடியே வைக்கும் அளவுக்குத் தேக்கில் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து கொடுக்கலாம். ஊர்ப் பணத்தில் செய்யக்கூடிய நல்ல காரியம் இது. ஆனால் வீட்டாரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், சிலர் அதைக் கண்ணில் படாமல் பீரோவுக்குள் வைத்திருக்கவே விரும்புவார்கள்.

கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு, நம் ஊர்களில் அதைத்தான் முதலில் கேட்கிறோம்: 'எவ்வளவு வந்துச்சு?' மத்திய அரசு எவ்வளவு, மாநில அரசு எவ்வளவு, வேலை யாருக்கு. டீக்கடையில் இந்தக் கணக்கு ஓடும்போது அந்தப் பேச்சை மாற்றிவிடுவதே ஒரு மரியாதை. பணம் மனைவிக்கா தாய்க்கா என்று வீட்டுக்குள் மனத்தாங்கல் வருவதும் சகஜம். இருபத்திநாலு வயதுப் பெண் ஒரு பக்கம், பீடி சுற்றிப் பையனைப் படிக்கவைத்த தாய் இன்னொரு பக்கம். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கும். ஊர் ஒரு கட்சி எடுத்தால் அந்தப் பிள்ளை தகப்பன் வழி ஆச்சியைப் பார்க்காமலே வளரும். சட்டப்படி யாருக்கு என்ன என்பதை ராணுவமே சொல்லும். நீங்கள் இரண்டு பேருக்கும் காய்கறி வாங்கிக் கொடுங்கள், போதும்.

காகித வேலைதான் பெரிய வேலை

படித்த பிள்ளைகள் உள்ளூரில் இருந்தால் அவர்கள் செய்யக்கூடிய பேருதவி இது. பூ வைப்பதை யாரும் செய்யலாம், தாலுகா ஆபீசில் நிற்பதற்குத்தான் ஆள் கிடைக்காது.

முதல் சிக்கல் பெயர். நம் பக்கத்துப் பெயர்கள் வடக்கே போனால் என்ன பாடுபடும் என்று உங்களுக்கே தெரியும். ஆதாரில் இசக்கிமுத்து, ராணுவப் பதிவில் எசக்கி முத்து எம், பள்ளிச் சான்றிதழில் இசக்கி முத்து என்று நடுவில் இடைவெளியோடு. மனைவி ரேஷன் கார்டில் பேச்சியம்மாள், பேங்கில் பேச்சியம்மா, கல்யாணத்துக்கு அப்புறம் புருஷன் பதிவில் ஏற்றியபோது பேச்சி. இனிஷியல் தகப்பன் பேரா, புருஷன் பேரா என்பது தனிக் கதை. இந்த ஓர் எழுத்து வித்தியாசத்தில் குடும்ப ஓய்வூதியம் மாதக்கணக்கில் நின்றுபோகும். அதனால் வீட்டில் இருக்கும் எல்லா ஆவணங்களையும் தரையில் பரப்பி, ஒரு தாளில் கட்டம் போட்டு, எதில் என்ன பெயர், என்ன பிறந்த தேதி என்று எழுதிப் பாருங்கள். ராணுவப் பதிவில் உள்ளதை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்த முடியுமா என்று அந்த ஜே.சி.ஓ.விடம் போனில் கேளுங்கள். நம்பர்தான் நோட்டில் இருக்கிறதே.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ், தாசில்தார் கொடுப்பது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அப்புறம் திருநெல்வேலியில் இருக்கும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். பெயரைப் பார்த்து ஓய்வுபெற்றவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள், பணியில் இறந்தவர்களின் குடும்பத்துக்கும் அதுதான் வாசல். ஓய்வூதியம் இப்போது ஸ்பர்ஷ் என்ற இணையதளம் வழியாக வருகிறது, வருஷத்துக்கு ஒருமுறை லைஃப் சர்டிபிகேட் (உயிரோடு இருப்பதற்கான சான்று) கொடுக்காவிட்டால் நின்றுவிடும். இந்தத் தேதியை உங்கள் போனில் அலாரமாக வையுங்கள், அவர்கள் போனில் வேண்டாம். தேதிக்குப் பத்து நாள் முன்னால் 'மதினி, நாளைக்கு ஆலங்குளம் போறேன், வாறீங்களா, அந்தக் கைரேகை வச்சிட்டு வந்திருவோம்' என்று வண்டியைக் கொண்டு நிறுத்தினால் முடிந்தது. கைரேகை சரியாகப் பதியாமல் போவதும் உண்டு, வருஷக்கணக்காகப் பீடி சுற்றிய விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். அப்படியானால் கருவிழிப் பதிவோ முகப் பதிவோ எடுக்கக்கூடிய இடமாகப் பார்த்துக் கூட்டிப் போங்கள். மருத்துவத்துக்கான இ.சி.எச்.எஸ். கார்டு, ராணுவக் கேன்டீன் கார்டு இரண்டும் இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு முக்கியமான வித்தியாசம். இறந்தவர் ராணுவம், கடற்படை, விமானப்படையில் இருந்தாரா, அல்லது சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற துணை ராணுவப் படையிலா? நமக்கு எல்லாரும் பட்டாளத்துக்காரர்கள்தான். அரசாங்கத்துக்கு அப்படி இல்லை. முதல் வகை பாதுகாப்பு அமைச்சகம், இரண்டாம் வகை உள்துறை அமைச்சகம், ஓய்வூதிய விதி முதல் போய் நிற்க வேண்டிய அலுவலகம் வரை வேறு. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் இறந்த 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்களில் ஒருவர் கயத்தாறு பக்கம் சவலாப்பேரி சுப்பிரமணியன். அந்த நாளில் நாடே கொந்தளித்தது, ஆனால் துணை ராணுவத்தின் குடும்பங்களுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று இன்றைக்கும் நம்மில் பாதிப்பேருக்குத் தெரியாது. அவர்களுக்கு அந்தந்தப் படையின் பட்டாலியன்தான் வழி, சி.ஆர்.பி.எஃப். என்றால் குரூப் சென்டர் என்ற அதன் நிர்வாக மையமும். பணம் கொடுக்க விரும்பும் வெளியூர்க்காரர்களுக்கு உள்துறை அமைச்சகத்தின் 'பாரத் கே வீர்' இணையதளம் 2017 முதல் இருக்கிறது. யாரோ ஒருவர் ஃபேஸ்புக்கில் போடும் கூகுள் பே நம்பருக்கு அனுப்பாதீர்கள், இறப்பை வைத்துப் பணம் பார்க்கும் கூட்டமும் உண்டு.

முதல் வருஷப் பண்டிகைகள்

துட்டி விழுந்த வீட்டில் ஒரு வருஷம் பண்டிகை கிடையாது, எண்ணெய்ச் சட்டி ஏறாது. தீபாவளிக்குப் பலகாரம் அக்கம்பக்கத்திலிருந்துதான் போக வேண்டும், இது நம் வழக்கத்திலேயே இருக்கிறது, புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். ஆனால் எல்லாரும் ஒரே நாளில் முறுக்கும் அதிரசமும் கொண்டுபோய்க் குவித்தால் அந்த வீட்டில் யார் தின்பது? தெருவில் நாலு வீடு பேசிக்கொண்டு ஒருவர் இட்லியும் ஒருவர் மத்தியானச் சோறும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். தூக்கு வாளியில் கொடுக்காதீர்கள், கழுவித் திருப்பிக் கொடுப்பதும் வேலைதான், திருப்பும்போது வெறுமனே கொடுக்கக் கூடாது என்று அதில் எதையாவது போட வேறு வேண்டும். வாழை இலையில் பொதிந்து கொடுத்தால் அந்தத் தொல்லையே இல்லை. பொங்கலுக்குப் பனங்கிழங்கும் ஒரு கட்டு கரும்பும் வாசலில் வைத்துவிட்டு வரலாம்.

ஆடி அமாவாசைக்குத் தாமிரபரணிப் படித்துறையில் தர்ப்பணம் கொடுக்க வயசான தகப்பன் தனியாகப் பஸ் ஏறிப் போகவிடாதீர்கள். பாபநாசமோ குறுக்குத்துறையோ, கூட ஒரு ஆள் போக வேண்டும். மகனுக்கு அப்பன் எள்ளும் தண்ணீரும் இறைப்பது தலைகீழான காரியம். அங்கே ஒன்றும் பேச வேண்டாம், துண்டைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றால் போதும். கிறிஸ்தவ வீடுகளானால் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாளே கல்லறையைச் சுற்றிப் புல் செதுக்கி வெள்ளையடித்து வைத்துவிடுங்கள். கிறிஸ்துமஸ் கேரல் பார்ட்டி அந்த வீட்டு வாசலில் நிற்கலாமா, தாண்டிப் போகலாமா என்று முன்னாலேயே ஒரு பெரியவர் கேட்டு வைப்பது நல்லது, இரண்டுமே சில நேரம் வலிக்கும். மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம் முஸ்லிம் வீடுகளானால் பெருநாள் அன்று முதல் சட்டிச் சாப்பாடு அந்த வீட்டுக்குப் போகட்டும்.

பிள்ளைகள்

ஆகஸ்ட் 15, ஜனவரி 26 வந்தால் அந்தப் பிள்ளையை மேடையில் ஏற்றி 'வீரரின் மகன்' என்று மைக்கில் சொல்வதைத் தயவுசெய்து வருஷா வருஷம் செய்யாதீர்கள். ஒருதடவை, அதுவும் அவனே சரி என்றால். அவனுக்கு ஒன்பது வயது, கபடி ஆட வேண்டும், கணக்கில் ஃபெயிலாக வேண்டும், அதற்கு 'உங்கப்பா யாருன்னு தெரியுமாலே' என்று திட்டு வாங்காமல் இருக்க வேண்டும்.

உருப்படியான உதவி வேறு. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வருஷத்தில் தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வு உள்ளிட்டவற்றில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, அதற்கு மாவட்ட அலுவலகத்தில் சான்று வாங்க வேண்டும், கடைசித் தேதி போய்விட்டால் போனதுதான். தொழிற்கல்விப் படிப்பில் சேர்ந்துவிட்டால் பிரதமரின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், 2019 முதல் மாணவிகளுக்கு மாதம் 3,000, மாணவர்களுக்கு 2,500 ரூபாய். பன்னிரண்டாம் வகுப்பில் 60 சதவீதம் வேண்டும். அந்தக் கணக்கு டியூஷனை இலவசமாக எடுக்க ஊரில் ஒரு வாத்தியார் இருந்தால் அவர்தான் உண்மையான ஆள்.

கல், மரம், பெயர்

கட்டபொம்மனைக் கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிட்டார்கள். அந்த வழியாகப் போனவர்கள் ஆளுக்கு ஒரு கல்லைப் போட்டுவிட்டுப் போக, அங்கே ஒரு கற்குவியலே எழுந்தது. வெள்ளைக்காரன் ஆட்சியில், விழா இல்லாமல், யாருக்கும் செலவில்லாமல். எனக்கு இன்றைக்கு இருக்கும் ஃபிளெக்ஸ் போர்டுகளைவிட அந்த யோசனைதான் பிடித்திருக்கிறது.

சிலை வைக்க ஆசைப்பட்டால் கவனம். பொதுச் சாலையில் சிலைக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அனுமதி இல்லாமல் வைத்த சிலையை அதிகாரிகள் சாக்கு போட்டு மூடினால் அதைப் பார்க்கப் போவது அந்தக் குடும்பம்தான். சாதிக் கொடிக்கம்பம் பக்கத்திலும் வேண்டவே வேண்டாம். நம் மாவட்டத்தில் இதை ஏன் சொல்கிறேன் என்று விளக்கத் தேவையில்லை. ஊராட்சியில் தீர்மானம் போட்டு நூலகத்துக்கோ, பயணியர் நிழற்குடைக்கோ, அவர் படித்த பள்ளியின் ஒரு வகுப்பறைக்கோ பெயர் வைப்பது நல்லது, எல்லாத் தெருக்காரரும் வந்துபோகும் இடமாக இருக்க வேண்டும். கல்வெட்டில் பெயர், பதவி, படைப்பிரிவு, இறந்த இடம், தேதி, இவ்வளவு போதும். அன்பளித்தவர் பெயர் அதே கல்லில், அதுவும் இறந்தவர் பெயரைவிடப் பெரிய எழுத்தில் வருவதை எத்தனை ஊரில் பார்த்துவிட்டோம். பதவியைச் சரியாக எழுதுங்கள்: லான்ஸ் நாயக் வேறு, நாயக் வேறு, ஹவில்தார் வேறு. தேசியக் கொடியை வரைந்து அதன் மேல் எழுத்து எழுதக் கூடாது, அது விதிமீறல்.

மரம் நடுவதென்றால் பருவம் பார்த்து நடுங்கள். கார்கில் வெற்றி நாள் ஜூலை 26, அது ஆடி மாதம். செங்கோட்டை, தென்காசிப் பக்கம் சாரல் விழும், கன்று பிழைத்துக்கொள்ளும். ராதாபுரம், சாத்தான்குளம் பக்கம் அந்த ஆடிக்காற்றில் கன்று நட்டால் புழுதி தின்றுவிடும். அங்கே ஐப்பசியில் முதல் மழை இறங்கியதும் நடுங்கள், வேம்போ புங்கையோ பூவரசோ. குளத்துக்கரையானால் பனங்கொட்டையை ஊன்றிவிட்டுப் போய்விடலாம். யார் தண்ணீர் ஊற்றுவது என்று முடிவாகாமல் மரமே நடாதீர்கள். அவர் பெயர்ப் பலகை தொங்கும் கூண்டுக்குள் பட்டுப்போன குச்சி நிற்பதைப் போல அவமரியாதை கிடையாது.

பேசாமல் விட்ட சாவுகள்

சியாச்சினில் 2016 பிப்ரவரி 3 அன்று பனிச்சரிவில் சிக்கிய 10 பேரும் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆவது பட்டாலியனில் பணியில் இருந்தவர்கள். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. 'சண்டையிலயா செத்தான்?' என்று கேட்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். வண்டி கவிழ்ந்தோ, குளிரில் மூச்சு முட்டியோ, காய்ச்சல் வந்தோ வேலையில் இறந்தவன் வீட்டிலும் அதே சோறுதான் குறைகிறது.

இலங்கைக்குப் போன அமைதிப்படை இன்னும் சங்கடமான விஷயம். 1987-இல் போய் 1990 மார்ச்சில் திரும்பியது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே இறந்தார்கள். அந்தப் படை அங்கே செய்தது பற்றித் தமிழ்நாட்டில் இருந்த கோபத்துக்குக் காரணம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்போது மகனையோ கணவனையோ இழந்த வீடுகளுக்கு ஊர் சேர்ந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, இன்றைக்கு அந்த அம்மாக்களுக்கு எண்பது வயது. உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ அப்படி ஒரு ஆச்சி இருந்தால் போய் உட்காருங்கள். அரசியல் பேச வேண்டாம். 'உங்க மகன் என்ன பேரு ஆச்சி, எந்த ஸ்கூல்ல படிச்சாரு, போட்டோ இருக்கா' என்று கேளுங்கள், மற்றதை அவர்களே சொல்வார்கள். போட்டோ செல்லரித்திருந்தால் வாங்கிக்கொண்டு போய் ஸ்டூடியோவில் ஸ்கேன் செய்து, சுத்தப்படுத்தி, சட்டம் போட்டுக் கொடுங்கள். அசல் படத்தை மறக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

கொடி நாளும் டெல்லியும்

டிசம்பர் 7 கொடி நாள், 1949 முதல் நடக்கிறது. கலெக்டர் அலுவலகமும் மற்ற அரசு அலுவலகங்களும் வசூலிக்கும் அந்த நிதி முன்னாள் படைவீரர்கள், இறந்தவர்களின் குடும்பங்கள் நலனுக்குப் போகிறது. பத்து ரூபாயோ ஆயிரமோ, ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். குத்திக்கொண்ட காகிதக் கொடியைச் சாயங்காலம் ரோட்டில் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

ஊர்ச் சங்கத்திலோ கோயில் கொடை வரவிலோ கொஞ்சம் பணம் மிச்சம் இருந்தால் அந்தத் தாயையும் தகப்பனையும் ஒருதடவை டெல்லிக்கு அனுப்பி வைக்கலாம். இந்தியா கேட் பக்கத்தில் 2019 பிப்ரவரி 25 அன்று திறந்த தேசியப் போர் நினைவகத்தில், 1947-க்கு அப்புறம் உயிர்கொடுத்த 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர் கருங்கல்லில் பொறித்திருக்கிறது, இலங்கையில் இறந்தவர்கள் பெயரும் உண்டு. சாயங்காலத்தில் இறந்தவர் குடும்பத்தார் மலர்வளையம் வைக்கும் நிகழ்ச்சி நடக்கிறது. அவருடைய யூனிட் வழியாகவோ மாவட்ட அலுவலகம் வழியாகவோ முன்கூட்டியே கேட்டால் ஏற்பாடு செய்ய முடியும். துணை ராணுவம் என்றால் சாணக்யபுரியில் இருக்கும் தேசியக் காவலர் நினைவகம், 2018 அக்டோபர் 21 அன்று திறந்தது. திருநெல்வேலியிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸ் நேராக நிஜாமுதீன் போகிறது, வாரத்தில் சில நாள்தான் என்பதால் ரிசர்வேஷன் திறந்த அன்றே கீழ் பெர்த்தாகப் போடுங்கள். இந்தி பேசத் தெரிந்த ஒரு பையன் கூடப் போக வேண்டும், அவன் டிக்கெட்டும் ஊர்க் கணக்கில்தான். டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டத்தில் ரயில் பத்து மணி நேரம்கூடத் தாமதமாகும், வயசானவர்களுக்குக் குளிரும் ஒத்துக்கொள்ளாது. பிப்ரவரிக் கடைசியோ அக்டோபரோ பார்த்துப் போடுங்கள், மறக்காமல் இரண்டு கம்பளி போர்வையும் ஒரு டப்பா புளிச்சோறும் கட்டிக் கொடுத்து அனுப்புங்கள்.